ஓவேலியும் தொகுதி வேலியும்

நீலகிரியின் மேற்குச் சரிவில், நடுவட்டத்துக்குக் கீழே, கூடலூரை ஒட்டிக் கிடக்கும் பள்ளத்தாக்குக்கு ஓவேலி என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது ஏதோ ஒரு வேலியின் பெயர்போல ஒலிக்கும். உண்மையில் அப்பெயருக்கும் வேலிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1847-இல் நீலகிரியை அளந்தவர் கேப்டன் ஜான் ஆக்டர்லோனி. அவருடைய உடன்பிறந்தார் ஜேம்ஸ் ஆக்டர்லோனி 1840களில் இந்தப் பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் போட்டார். நிலம் நிலம்பூர் கோவிலகத்தாருடையது. 'ஆக்டர்லோனி வேலி' என்ற ஆங்கிலப் பெயர் தொழிலாளர் நாவில் சுருங்கி 'ஓ வேலி' ஆயிற்று. ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கைக் குறித்த சொல், தமிழில் வேலியாகி நிலைத்துவிட்டது. அப்பள்ளத்தாக்கின் வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பிழையான பெயரே பொருத்தமானது என்று தோன்றுகிறது. ஏனெனில் அங்கு வாழ்வோரைச் சுற்றி வேலிகள் மாறி மாறிப் போடப்பட்டுள்ளன. ஒரு முறையேனும் அவர்களைக் கேட்டுப் போடப்படவில்லை.

முதல் வேலி 1873-இல் விழுந்தது. அதுவரை மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓவேலி அவ்வாண்டு நீலகிரியோடு இணைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1877-இல், தென்கிழக்கு வயநாட்டின் பகுதிகளும் அவ்வாறே நீலகிரிக்கு வந்தன. இன்றைய கூடலூர், பந்தலூர் வட்டங்கள் இவையே. துரைமார்களின் நிருவாக வசதிக்காக வரையப்பட்ட இக்கோட்டின் முழு விளைவு 1956-இல்தான் தெரிந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் மாவட்டம் கேரளத்துக்குப் போயிற்று. நீலகிரியில் இருந்த காரணத்தால் கூடலூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவரோ ஓர் அதிகாரி இட்ட கோடு, ஓவேலியில் பிறக்கும் குழந்தை எந்த மாநிலத்துச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் என்பதையும் முடிவு செய்துவிட்டது. கோடு சரியா தவறா என்பது இங்கு வினா அன்று. கோடுகளுக்கு நீண்ட ஆயுள் உண்டு என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

அண்மைக்கால வேலி 2008-இல் விழுந்தது. நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையத்தின் ஆணை அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. அதுவரை நீலகிரியில் குன்னூர் பட்டியல் சாதியினர்க்கான தனித் தொகுதி. கூடலூரும் உதகமண்டலமும் பொதுத் தொகுதிகள். புதிய ஆணையால் குன்னூர் பொதுத் தொகுதியாயிற்று, கூடலூர் தனித் தொகுதியாயிற்று. நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதியாக மாறியது. மலையின் மூன்று சட்டமன்றத் தொகுதிகளோடு சமவெளியின் மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் ஆகியவையும் சேர்ந்து அத்தொகுதி அமைந்தது.

தனித் தொகுதி என்றவுடன் முகம் சுளிப்போர் நம்மிடையேயும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நீலகிரி மக்களுள் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்கள் விகிதம் மிகுந்த பகுதிகளில் தனித் தொகுதி அமைய வேண்டும் என்பது சட்டம் வகுத்த நெறி. அந்நெறி நியாயமானது. ஆனால் அதே கூடலூர் மண்ணின் ஆதி மக்களான பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக் குறும்பரும் எந்தத் தொகுதியிலும் முடிவைத் தீர்மானிக்கும் எண்ணிக்கையில் இல்லை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுள் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்னும் இரண்டே. விதி இப்படி, விதியைப் பொருத்துபவர்கள் இந்த மக்களைச் சந்தித்தார்களா என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை காண, நம் நாட்டில் தொகுதிக் கோட்டை யார் வரைகிறார்கள் என்ற வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். அது நாம் பெருமைப்படத்தக்க வரலாறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கான தொகுதிகள் குடியரசுத்தலைவரின் ஆணையால் வகுக்கப்பட்டன. தேர்தல் ஆணையம் முன்மொழியும்; நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்கள் கருத்துரைக்கும்; இறுதியில் நாடாளுமன்றம் ஆணையைத் திருத்தலாம். திருத்தவும் செய்தது. தேர்தலில் நிற்கப் போகிறவர்களே தம் தொகுதியின் எல்லையைத் திருத்தும் இம்முறை பலருக்கும் மனக்குறையை உண்டாக்கியது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென் தலைமையிலான ஆணையம், இனி இப்பணியைச் சார்பற்ற ஓர் ஆணையம் செய்ய வேண்டும், அதன் ஆணையே முடிவானதாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1952-இல் அதற்கான சட்டம் வந்தது. உச்சநீதிமன்ற நீதிபதியாக விளங்கிய தமிழர் என். சந்திரசேகர ஐயர் அந்த முதல் ஆணையத்தின் தலைவரானார். பின்னர் 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் ஆணையங்கள் அமைந்தன.

இதன் அருமை புரிய அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். 1812-இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி தம் கட்சிக்கு ஆதாயமாகத் தொகுதிகளைக் கோணல்மாணலாக வெட்டும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவற்றுள் ஒன்று சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தின் வடிவில் இருந்ததாக நாளேடு ஒன்று படம் போட்டுக் கேலி செய்தது. ஆளுநரின் பெயரையும் அந்த உயிரினத்தின் பெயரையும் ஒட்டிப் பிறந்த 'ஜெரிமாண்டர்' என்ற சொல் இன்றளவும் வாழ்கிறது. அந்த வழக்கமும் வாழ்கிறது. அந்நாட்டில் பல மாநிலங்களில் சட்டமன்றப் பெரும்பான்மைக் கட்சியே இன்னும் கோட்டை வரைகிறது. எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த இந்தியா 1952-லேயே அந்தப் பேனாவை அரசியல்வாதி கையிலிருந்து வாங்கி நீதிபதி கையில் கொடுத்துவிட்டது.

வாங்கியது சரி. நீதிபதியிடம் கொடுத்ததோடு நின்றுவிட்டது என்பதுதான் என் குறை. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஆணையத்தில் மூவர்: உச்சநீதிமன்ற நீதிபதியாக இருக்கும் அல்லது இருந்த ஒருவர், தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் குறிக்கும் தேர்தல் ஆணையர், அந்தந்த மாநிலத்துத் தேர்தல் ஆணையர். இவர்களோடு ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மக்களவை உறுப்பினர் ஐவர், சட்டமன்ற உறுப்பினர் ஐவர் இணை உறுப்பினர்களாக அமர்வர். அவர்களுக்கு வாக்கு இல்லை, ஆணையில் கையொப்பமிடும் உரிமையும் இல்லை. ஆனால் பேசலாம், தம் மாற்றுக் கருத்தை வெளியிடச் செய்யலாம். ஆக, மேசையைச் சுற்றி நீதிபதி இருக்கிறார், அதிகாரிகள் இருக்கிறார்கள், வாக்கில்லாமலேனும் அரசியல்வாதி இருக்கிறார். வாக்காளருக்குத்தான் நாற்காலி இல்லை. வரைவு வெளியான பிறகு ஆட்சேபணை எழுதி அனுப்பலாம். பொது அமர்வுக்கும் போகலாம். அந்த அமர்வு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றோ பலவோ, ஆணையம் தக்கதெனக் கருதும் இடத்தில் நடக்கும் என்கிறது சட்டம். ஏழு கோடி மக்களுக்கு ஒரே ஓர் அமர்வு நடத்தினாலும் சட்டம் நிறைவேறிவிடும்.

ஆணை வந்துவிட்டால் மேல்முறையீடும் அரிது. உஜ்ஜைன் தொகுதி தனித் தொகுதியாக்கப்பட்டதை எதிர்த்த மேகராஜ் கோத்தாரி வழக்கில், ஆணையத்தின் ஆணையை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க இயலாது என்று 1966-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல்கள் முடிவின்றித் தள்ளிப் போகக்கூடாது என்பது அதன் காரணம். அரை நூற்றாண்டுக்கும் மேல் சென்றபின், 2024-இல், குஜராத்தின் பர்தோலி தொகுதி பற்றிய வழக்கில், ஆணை வெளிப்படையாகத் தன்னிச்சையானதாக இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று அந்தக் கதவு சற்றே திறக்கப்பட்டது.

இனி மறுவரையறையைப் பற்றி நாம் மேடைகளிலும் நாளேடுகளிலும் கேட்கும் பேச்சுக்கு வருவோம். குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக 1976-இல் 42-ஆம் திருத்தம் மாநிலங்களுக்கிடையேயான இடப் பங்கீட்டை உறைய வைத்தது. 2001-இல் நிறைவேறிய 84-ஆம் திருத்தம் அதனை 2026-க்குப் பின் வரும் முதல் மக்கள்தொகைக் கணக்குவரை நீட்டித்தது. தமிழகத்தின் அச்சம் வெற்று அச்சமன்று. 1962-இல் 41 மக்களவை இடங்களைப் பெற்றிருந்த நாம் 1967-இல் 39 ஆகக் குறைந்தோம். 2025 மார்ச்சில் சென்னையில் தென்மாநிலத் தலைவர்களும் பிறரும் கூடியதும் இது பற்றியே. இதை விரிவாக எழுதப் பலர் உளர். நான் சொல்ல வருவது, இந்தப் பெரிய ஆரவாரத்தின் நிழலில் மறைந்துபோகும் ஒரு சிறிய கணக்கு.

2001-இல் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011-இல் அது 7,35,394. தமிழகமே பெருகிக்கொண்டிருக்க, நம் மலை சுருங்கியது. தேயிலை விலை வீழ்ச்சியும், திருப்பூர், கோவை நோக்கிச் சென்ற இளைஞர் கூட்டமும் எந்தப் பங்கின் ஞாயிறு திருப்பலியிலும் கண்கூடு. 2001 கணக்கில் தமிழகத்தின் 6,24,05,679 மக்களை 234 தொகுதிகளால் வகுத்தால் தொகுதிக்கு ஏறத்தாழ 2,66,700 பேர், நீலகிரிக்கு 2.86 தொகுதி, அதாவது மூன்று. 2011 கணக்கில் 7,21,47,030 மக்களை அவ்வாறே வகுத்தால் சராசரி 3,08,300, நீலகிரிக்கு 2.39 தொகுதி. அடுத்த கணக்கெடுப்பு என்ன எண் தரும் என்பது வேறு. 234 என்பதும் மாறக்கூடும். என்றாலும் திசை தெரிகிறது. டெல்லியில் தமிழகத்துக்கு நேரக்கூடிய அதே இழப்பு, தமிழகத்துக்குள் நீலகிரிக்கு நேரக்கூடும்.

இந்த 2.39 என்ற எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். மாவட்டத்தை இரண்டு தொகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் மாநிலச் சராசரியைவிட 19 விழுக்காடு பெரிதாக இருக்கும். மூன்றாகவே விட்டால் ஒவ்வொன்றும் சராசரியைவிட 20 விழுக்காடு சிறிதாக இருக்கும். எண் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு கோணுகிறது. கணக்கு இங்கே கைவிரித்துவிடுகிறது. முடிவு செய்ய வேண்டியது மனிதரின் தீர்ப்பு. சட்டமும் அதற்கு இடம் தருகிறது: இயற்கை அமைப்பு, நிருவாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. மக்களின் வசதி எது என்று சொல்லத் தகுந்தவர் யார்? வரைபடத்தில் கூடலூரும் உதகையும் அருகருகே இருக்கின்றன. சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. வரைபடத்தில் மழை தெரியாது.

வழி மட்டுமன்று, வழக்கும் வேறு. உதகையும் குன்னூரும் அறியாத ஒரு நிலச் சிக்கல் கூடலூருக்கு உண்டு. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969-இல் கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1972-இல் உச்சநீதிமன்றம் அதன் ஒரு பகுதியைச் செல்லாது என்றது. 1974-இல் நாடாளுமன்றம் அதை அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காத்தது. அதனைத் தொடர்ந்து எழுந்த வழக்கில் 2007 சனவரியில் ஒன்பது நீதிபதிகள், அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தனர். இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் இன்று படிக்கும் கொயலோ வழக்கின் மூலம் நம் கூடலூர் மண்தான் என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்? தீர்ப்பு நூல்களில் ஏறியது; நிலம் தீரவில்லை. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் வீடு கட்டி வாழ்ந்தோர், ஓவேலியிலும் பிற இடங்களிலும், மின் இணைப்புக்காகவே ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தனர். சட்டமன்றத்தில் 'பிரிவு 17' என்று உரக்கச் சொல்ல ஒரு வாய் வேண்டும். கூடலூர் தனித்து நிற்கும்வரை அந்த வாய் இருக்கும். உதகையோடு ஒட்டப்பட்ட கூடலூரில் அது பத்தாவது கோரிக்கையாகிவிடும்.

ஓவேலியில் இதனை நன்கு உணரக்கூடியவர்கள் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று. அவ்வாறு மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியோர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறினர். அரசுத் தேயிலைத் தோட்டங்கள் பல அவர்களின் மறுவாழ்வுக்கென எழுந்தவை. இவர்கள் விட்டுவந்த நாட்டில் தொகுதி வரைந்த கதை வேறெங்கும் காண்பதற்கரியது.

1947-ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக எல்.எம்.டி. டி சில்வா தலைமையிலான ஆணையம் இலங்கையின் தொகுதிகளை வகுத்தது. 75,000 மக்களுக்கு ஓர் இடம். மக்கள் அடர்த்தி குறைந்த பகுதிகள் குரல் இழக்கக் கூடாதென்று ஆயிரம் சதுர மைலுக்கு மேலும் ஓர் இடம். ஆக 95 இடங்கள். நேர்மையான ஏற்பாடு. மலையகத் தமிழர் அத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வழியாக ஏழு உறுப்பினர்களை அனுப்பினர். நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. ஆனால் தொகுதிகள் அப்படியே இருந்தன! தோட்ட லயங்களில் வாழ்ந்தோரின் தலைகளை எண்ணி உண்டாக்கிய இடங்களுக்கு, அவர்களை விலக்கிவிட்டு, சுற்றியிருந்த கண்டிச் சிங்கள வாக்காளர்கள் மட்டும் உறுப்பினர்களைத் தேர்ந்தனர். தமிழ்த் தொழிலாளியின் தலை எண்ணிக்கைக்கு வேண்டியிருந்தது, வாக்கு வேண்டியிருக்கவில்லை. 1977-இல் நுவரெலியா-மஸ்கெலியா என்னும் மூன்று உறுப்பினர் தொகுதியிலிருந்து தொண்டமான் மீண்டும் தேர்தல் வழியே நாடாளுமன்றம் புகும்வரை முப்பது ஆண்டுகள் சென்றன. கோடு நேர்மையாக இருந்தும் மக்கள் வெளியே நிற்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மக்களையே கோடு வரைய அழைத்தவர் உண்டா? விவிலியம் வாசிப்போர்க்கு யோசுவா நூலின் 18-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரலாம். பங்கு பெறாத குலங்கள் ஏழு இருந்தன. யோசுவா தாமே பிரித்துக் கொடுக்கவில்லை. குலத்துக்கு மூவரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார். அவர்கள் நாடெங்கும் நடந்து திரிந்து, நகர் நகராகக் குறித்து, ஏழு பங்காக ஒரு சுருளில் எழுதிக்கொண்டு சீலோவுக்குத் திரும்புகிறார்கள். அதன்பின்தான் சீட்டுப் போடப்படுகிறது. எழுதியவனுக்கு எந்தப் பங்கு தன் குலத்துக்கு விழும் என்பது தெரியாது. எனவே எந்தப் பங்கையும் கெடுத்து எழுத அவனுக்கு மனம் வராது. இந்த அதிகாரத்தை நாம் பெரும்பாலும் ஊர்ப்பெயர்ப் பட்டியல் என்று தள்ளிவிட்டுப் போகிறோம்.

கலிபோர்னியா மாநிலத்து வாக்காளர் 2008-இல் இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்தனர். சட்டமன்றத் தொகுதிகளை வரையும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்து, 14 குடிமக்கள் கொண்ட ஆணையத்துக்கு அளித்தனர். 2010-இல் நாடாளுமன்றத் தொகுதிகளையும் சேர்த்தனர். கட்சிப் பொறுப்பிலோ வேட்பாளராகவோ அண்மையில் இருந்தவர்கள் விண்ணப்பிக்க இயலாது. முதல் முறை 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். சலித்தெடுத்தவர்களுள் எண்மரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்த எண்மர் எஞ்சிய அறுவரைத் தெரிந்துகொள்கின்றனர். இரு பெரிய கட்சிகளைச் சார்ந்தோர் ஐவர் ஐவர், எதையும் சாராதோர் நால்வர். மூன்று பிரிவிலிருந்தும் மும்மூவராவது இசைந்தால்தான் வரைபடம் நிறைவேறும். 2011-லும் 2021-லும் இவ்வாறு வரைந்தார்கள்.

இதைப் பொற்காலம் என்று புகழவும் முடியாது. 2025-இல் டெக்சஸ் மாநில ஆளுங்கட்சி இடைக்காலத்தில் தன் தொகுதிகளைத் தனக்கு ஆதாயமாக மாற்றி வரைந்தது. பதிலடியாகக் கலிபோர்னியாவின் ஆளுங்கட்சி வேறொரு வரைபடத்தை முன்வைக்க, அவ்வாண்டு நவம்பரில் அம்மாநில வாக்காளரே அதை ஏற்று, குடிமக்கள் ஆணையத்தின் நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தை இந்தப் பத்தாண்டின் எஞ்சிய தேர்தல்களுக்கு ஒதுக்கி வைத்தனர். ஒரு மாநிலம் மட்டும் நேர்மையாக இருந்தால் அண்டை வீட்டான் ஏமாளி என்கிறான் என்பது அவர்களது வாதம். ஒரே ஆணையம் நாடு முழுமைக்கும் வரையும் இந்தியாவில் இந்த இக்கட்டு எழாது. குடிமக்களைச் சேர்க்க நமக்கு அவர்களைவிட வழி எளிது.

என்ன செய்யலாம்? நீதிபதியை அகற்றச் சொல்லவில்லை. வாக்கற்ற இணை உறுப்பினர்களாகப் பத்து அரசியல்வாதிகளை அமர்த்தும் சட்டம், மாவட்டத்துக்கு இருவரை வாக்காளர் பட்டியலிலிருந்து சீட்டு முறையில் எடுத்து அதே மேசையில் அமர்த்தலாம். அமர்வுகள் தலைநகரில் அன்றி வட்டத் தலைமையிடங்களில் நடக்கலாம். ஓர் ஊரை ஏன் இந்தப் பக்கம் தள்ளினோம் என்று தமிழில் காரணம் எழுதி ஒட்டலாம். பங்குகளைப் பிரிக்கும்போது ஓர் அன்பியத்தை எந்தப் பங்கில் சேர்ப்பது என்பதற்கே எத்தனை மனத்தாங்கல் எழுகிறது என்பதை அறிந்த நமக்கு, முன்கூட்டிக் கேட்பதன் பயன் விளக்கத் தேவையில்லை.

2023-இல் வந்த 106-ஆம் திருத்தம் மகளிர்க்கான மூன்றிலொரு பங்கு ஒதுக்கீட்டையும் மறுவரையறையோடு பிணைத்தது. எந்தத் தொகுதிகள் மகளிர்க்கு என்பது வரை கோட்டின் பாரம் கூடிவிட்டது. பொது அமர்வு என்று நாளேட்டில் அறிவிப்பு வரும்போது, அது சென்னையிலோ கோவையிலோ இருந்தால், எல்லமலையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தன் ஊர் எந்தத் தொகுதியில் இருக்க வேண்டும் என்று சொல்ல என்ன செய்ய வேண்டும்? விடியுமுன் யானைக்கு அஞ்சி அஞ்சி நடந்து பேருந்து பிடித்துக் கூடலூருக்கு வரவேண்டும். அங்கிருந்து நடுவட்டம் ஏறி உதகை, குன்னூர் கடந்து மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். அமர்வு முடிந்து இரவோடு இரவாகத் திரும்பினாலும் இரண்டு நாள் கூலி போகும்.